கற்பக மரங்கள் உலர்ந்த பின்னர்

(கல்லூரி மாணவ மாணவியர்க்கு ஓர் அறவுரை)

  

அருகப் பெருமான் திருவடிகளை மனமொழிமெய்களால் வணங்கி இவ்வறவுரையைத் தொடங்குகின்றேன்.

ஜினாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும் இளைஞர்களைப் பார்த்து, "என்ன படிக்கின்றாய்?" என்று கேட்பது நம் பெரியோர் வழக்கம். விடை உடனே வரும். "படித்து முடித்து என்ன செய்யப் போகின்றாய்?" என்ற அடுத்த வினாவுக்குப் பெரும்பாலும் ஒரு சிறு புன்னகைதான் விடை. அந்தப் புன்னகைக்குப் பின்னே ஓர் அச்சம் ஒளிந்திருக்கின்றது. அதனை நாம் காண்பதில்லை. நானும் நெடுங்காலம் காணாதவனாகவே இருந்தேன். என் கண்ணைத் திறந்தவர் ஓர் இளைஞர். அவர் கதையை முதலில் சொல்லிவிடுகின்றேன். அதில் என் பிழையும் இருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்பு திருச்சிராப்பள்ளியில் கொல்லாமை விரதத்தைப் பற்றி ஒரு நாள் பேசினேன். கூட்டம் கலைந்த பின்னர், தூணருகே நின்றிருந்த ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். மருங்காபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். நம் சமயத்தவர் அல்லர். நண்பர் ஒருவருடன் வந்திருந்தார். தந்தையார் வானம் பார்த்த பூமியில் நிலக்கடலையும் சோளமும் விதைத்துப் பிழைப்பவர். அக்குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவர்தாம். வணிகவியலில் பட்டம் பெற்று, கடன் வழங்கும் ஒரு நிறுவனத்தில் பணிக்கு அமர்ந்திருந்தார். தவணை தவறியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் அஞ்சும்படி பேசுவதே அவருக்கு இட்ட வேலை.

"ஐயா, நேற்று நான் திட்டியது ஒரு பெரியவரை. அவர் குரல் எங்கள் அப்பாவின் குரலைப் போலவே இருந்தது. மழை இல்லை தம்பி என்றுதான் அவரும் சொன்னார். இந்த வேலையில் நான் இருக்கலாமா?" என்று கேட்டார்.

அப்பொழுதுதான் கொல்லாமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்திருந்த எனக்கு விடை கூற ஒரு நொடியும் தேவைப்படவில்லை. "பிறரை அஞ்சச் செய்வதும் ஹிம்சையே. நாளைக்கே விட்டுவிடு தம்பி" என்றேன். அவர் வணங்கிச் சென்றார். நல்லதோர் அறிவுரை வழங்கினோம் என்ற நிறைவுடன் நானும் இல்லம் திரும்பினேன்.

ஓராண்டு சென்றபின் அவரை மீண்டும் கண்டேன். மெலிந்திருந்தார். நான் சொன்னதற்கு மறுநாளே அவ்வேலையை விட்டுவிட்டார். அதன்பின் எட்டு மாதங்கள் வேறு வேலை கிடைக்கவில்லை. செவிலியர் படிப்பில் சேரவிருந்த தங்கை பணமின்றி அவ்வாண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவர் என்மீது சினம் கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. ஆனால் விட்ட பிறகு என்ன செய்வது என்று நீங்கள் சொல்லவில்லையே."

அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. விடுவதை மட்டும் கற்பித்து, பற்ற வேண்டியதைக் கற்பிக்காமல் விட்டேன். ஜினதர்மம் அவ்வாறு கற்பிக்கவில்லை என்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

ஆதிபகவன் முதலில் கற்பித்தது

ஸ்ரீபுராணத்தை நம் இல்லங்களில் படிக்கக் கேட்டு வளர்ந்தோர்க்கு இவ்வரலாறு புதிதன்று. போகபூமிக் காலத்தில் மக்கள் உழைத்து உண்டாரல்லர். வேண்டியதைக் கற்பக மரங்கள் வழங்கின. காலம் மாறிற்று, அம்மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பசி என்பதை முதன்முதலாக உணர்ந்த மக்கள் அஞ்சி நடுங்கி நாபி மன்னரிடம் ஓடினர். அவர் தம் மைந்தராகிய விருஷப தேவரிடம் அவர்களை அனுப்பினார்.

அன்பர்களே, இங்கு சற்றே நின்று சிந்திக்க வேண்டும். வந்தவர்கள் பசித்தவர்கள், வழி தெரியாதவர்கள். பிற்காலத்தில் உலகுக்கெல்லாம் துறவு நெறியைக் காட்டவிருந்த பெருமான், அன்று அவர்களிடம் துறவைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரல்லர். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். வாளேந்திக் காத்தல், மையால் எழுதுதல், உழுதல், கலை பயிற்றல், வணிகம் செய்தல், கைவினை புரிதல் என்பன அவை. தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அறிவித்தார். பரதனுக்கு ஒரு நூல், விருஷபசேனனுக்கு இசை, அனந்தவிஜயனுக்கு ஓவியமும் மனை நூலும், பாகுபலிக்கு மருத்துவமும் வில் வித்தையும் எனப் புதல்வர் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு கலையைப் பயிற்றினார் என்கின்றது ஆதிபுராணம்.

பெற்றோர்களே, இதனைக் கருதுங்கள். எல்லா மைந்தர்க்கும் ஒரே நூலை அவர் திணிக்கவில்லை. எண்ணையும் எழுத்தையும் பெண்மக்களுக்கு மறுக்கவும் இல்லை. அண்டை வீட்டுப் பிள்ளை எப்படிப்பில் சேர்ந்தானோ அப்படிப்பிலேயே நம் பிள்ளையும் சேர வேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்கின்றோமே, அதற்கு ஆதிபகவனின் இல்லத்தில் முன்மாதிரி இல்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பட்டம் என்பது ஒரு கற்பக மரம், அதன் கீழ்ச் சென்று நின்றாலே வேலையும் வீடும் மதிப்பும் உதிரும் என்னும் எண்ணத்தில் உங்களை வளர்த்துவிட்டோம். அம்மரம் உலர்ந்துவிட்டது. உலர்ந்ததற்காக அழ வேண்டுவதில்லை. கற்பக மரங்கள் மறைந்த அன்றுதான் மனிதன் தன் கைகளின் ஆற்றலை அறிந்தான். போகபூமி கருமபூமியாயிற்று. கருமபூமியில்தான் தீர்த்தங்கரர்கள் தோன்றினர். வீடுபேற்றுக்கு வழியும் இங்குதான் திறந்தது.

தொழிலும் தீங்கும்

"உழைப்பு என்றாலே ஓரளவு ஹிம்சை இருக்குமே, இல்லறத்தான் என் செய்வான்?" என்ற ஐயம் எழலாம். நம் ஆசாரியர்கள் இதற்கு இடம் வைத்தே வகுத்துள்ளனர். ஹிம்சை நான்கு வகைப்படும். துன்புறுத்த வேண்டும் என்றே எண்ணிச் செய்வது சங்கல்பி. சமைத்தல், துப்புரவு செய்தல் முதலிய இல்வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஆரம்பி. தொழிலில் தவிர்க்க இயலாது நேர்வது உத்யோகி. தன்னையும் பிறரையும் காக்கும்பொழுது நேர்வது விரோதி. இவற்றுள் சங்கல்பியை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் விழிப்புடன் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

உழவன் ஏர் ஓட்டுகையில் மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடிகின்றன. அவன் எண்ணம் அவற்றைக் கொல்வதன்று; உலகுக்குச் சோறிடுவது. கடன்பட்டவனைத் தொலைபேசியில் அழைத்துக் கூசும்படி பேசுபவனுக்கோ, எதிரிலிருப்பவனை நடுங்கச் செய்வதே அன்றைய பணி. நடுங்காவிட்டால் பணியில் தோற்றான் என்று பொருள். அன்று நான் அவ்விளைஞருக்கு இவ்வேறுபாட்டை விளக்கியிருக்க வேண்டும். கடன் கொடுத்தலும் கணக்குக் கேட்டலும் குற்றமல்ல, அச்சுறுத்தலை மட்டும் கைவிடு, அதற்கு நிறுவனம் இசையாவிடில் வேறிடம் தேடிக்கொண்டு பின்னர் விலகு, தேடுவதற்கு நானும் உடன் வருகின்றேன் என்று கூறியிருக்க வேண்டும்.

கள்ளாமை விரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களையும் பாருங்கள். பிறரைக் களவுக்கு ஏவுதல், களவாடிய பொருளை ஏற்றல், அரசின் விதியை மீறுதல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்தவை இவை. இன்று பொய்ப் பட்டியல் எழுதச் சொல்லும் மேலாளரையும், பிறர் எழுதிய ஆய்வேட்டைத் தன் பெயரில் அளிக்கும் மாணவனையும் அவை அப்படியே சுட்டுகின்றன. கொல்லாமைக்கு உரிய அதிசாரங்களுள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலும் ஒன்று. வண்டி மாட்டுக்காகச் சொல்லப்பட்டதுதானே என்று கடந்துவிடாதீர்கள். நாளை உங்களுக்குக் கீழே பத்துப் பேர் பணிபுரிவர். அவர்கள் தோளில் நீங்கள் ஏற்றும் பாரத்துக்கும் அது பொருந்தும்.

நாற்கொடை என்னும் அளவுகோல்

விலக்க வேண்டியது தெரிந்தது. பற்ற வேண்டியது யாது? நாம் அன்றாடம் ஓதும் நான்கு தானங்களிலேயே விடை இருக்கின்றது. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். உணவு, மருந்து, கல்வி, அச்சம் நீக்குதல். துறவியர்க்கும் வறியோர்க்கும் நல்கும் கொடைகளாகவே இவற்றை அறிந்திருக்கின்றோம். ஊதியம் பெற்றுச் செய்யும் தொழிலையும் இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

மானாவாரி நிலத்தில் நிற்கும் உழவரும், அவர் விளைச்சலைச் சரியாக நிறுத்துக் கணக்கெழுதுபவரும் உணவுக்கொடையில் பங்குடையவர். மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் மருந்துக்கொடையினர். ஆசிரியரும் நூலகரும் பதிப்பாளரும் கல்விக்கொடையினர். நான்காவதாகிய அபயம்தான் மிகப் பரந்தது. பாலம் இடிந்துவிடாது என்று மக்கள் நம்பிக் கடக்குமாறு கட்டும் பொறியாளர், ஏழையின் வழக்கைப் பொய்யின்றி நடத்தும் வழக்கறிஞர், கொதிகலனின் பற்றவைப்பு இணைப்பைக் கண் ஒளிர ஆராயும் தொழிலாளி, முதியவர் ஓய்வூதியத்தை அலைக்கழிக்காமல் கொடுக்கும் எழுத்தர் ஆகிய அனைவரும் யாரோ ஒருவரின் அச்சத்தைத் தம் உழைப்பால் நீக்குபவர்கள்.

ஆகவே, "எத்தொழிலில் ஊதியம் மிகுதி?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். ஊதியமும் வேண்டும், இல்லறத்தான் பொருளீட்டுதல் தவறன்று. ஆசாதரர் சாகார தர்மாமிருதத்தில் இல்லறத்தானுக்கு உரிய தகுதிகளைத் தொகுக்கையில் நியாயமான வழியில் ஈட்டிய செல்வத்தையே முதலில் வைத்தார். அதனுடன், "என் வேலையால் யாருக்குச் சோறு? யாருக்கு நலம்? யாருக்கு அறிவு? யாருக்கு அச்சமின்மை?" என்றும் கேளுங்கள். நான்கில் ஒன்றுக்கேனும் விடை கிடைத்தால் அத்தொழில் சிறியதாயினும் பொருளுடையது. ஒன்றுக்கும் விடை இல்லையேல், அது எத்துணைப் பெரிய ஊதியம் தரினும், சில ஆண்டுகளில் உங்கள் நெஞ்சம் வெறுமையுறும்.

கல்லில் நின்ற பெயர்கள்

மருங்காபுரியை நடுவே வைத்துப் பாருங்கள். வடக்கே திருச்சிராப்பள்ளிக் குன்றில் நம் முனிவர்கள் வைகிய குகையும் கற்படுக்கைகளும் உள்ளன. கிழக்கே இலுப்பூர், அன்னவாசல் வழியே சென்றால் சித்தன்னவாசல். தெற்கே மதுரைச் சாலையில் சென்றால் அழகர்மலை. ஊர்ப் பெயரிலுள்ள பள்ளி என்னும் சொல்லையே நோக்குங்கள். முனிவர் உறைவிடத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் தமிழில் அது ஒன்றே சொல்லாயிற்று.

அழகர்மலைக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் உள்ள பெயர்கள் யாருடையவை? உப்பு வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்றவன் ஒருவன், ஏர்க்கொழு விற்றவன் ஒருவன், மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். கரூரை அடுத்த புகலூரிலும் கருவூர்ப் பொன் வணிகன் ஒருவன் முனிவர்க்குப் படுக்கை அமைத்தான். அவர்கள் எவ்வளவு ஈட்டினர் என்பது எவருக்கும் தெரியாது. தொழிலால் வந்த பொருளில் ஒரு பகுதி, தளர்ந்த ஒருவர் சாய்ந்து இளைப்பாறும் இடமாயிற்று. அது மட்டும் ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கின்றது.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் பதினேழு படுக்கைகள் உள்ளன. கீழேயுள்ள அறிவர் கோயிலை 9-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன். ஆம், ஓர் ஆசிரியர். அக்கோயில் விதானத்தில் சமவசரணத்தின் தாமரைப் பொய்கை தீட்டப்பெற்றுள்ளது. பவியர்கள் மலர் கொய்கின்றனர். மீனும் அன்னமும் எருமையும் யானையும் அதே நீரில் உள்ளன. மாணவர்களே, அங்கே செல்லும்பொழுது ஒன்றைக் கவனியுங்கள். அப்பொய்கையில் எவ்வுயிரும் எதனையும் கண்டு அஞ்சி ஓடவில்லை. அதுவே அபயம். நீங்கள் பணிபுரியும் இடத்தை அப்பொய்கையாக மாற்ற இயலுமா என்று எண்ணிப் பாருங்கள்.

பணியிடையே கிடைத்த குறிக்கோள்

"எனக்கு ஏற்ற குறிக்கோள் எதுவென்றே தெரியவில்லையே" என்று வருந்துவோர்க்கு ஒரு வரலாறு சொல்வேன். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார் உ. வே. சாமிநாதையர். அகவை 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். மதிப்பான வேலையும் கிடைத்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்தீர் என்று முதலியார் வினவ, இவர் பெரியதொரு பட்டியலை அடுக்கினார். முதலியார் அதில் நிறைவுறாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். அந்நூலைக் கண்ணாலும் கண்டதில்லை இளம் ஆசிரியர்.

அன்று அவர் தம் அறியாமையை மறைத்துப் பேசியிருக்கலாம். மறைக்கவில்லை. ஏட்டைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். ஜைன சமயச் சொற்கள் விளங்கவில்லை. சைவச் சூழலில் வளர்ந்த கல்லூரி ஆசிரியர், கும்பகோணத்து ஜைன இல்லங்களின் திண்ணைகளில் மாணவராய் அமர்ந்து பொருள் கேட்டார். நம் முன்னோர் அந்நூலைப் பக்தியுடன் ஓதி வந்தவர்கள். வந்தவர் வேற்றுச் சமயத்தவர் என்று கதவைச் சாத்தினாரல்லர். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதனைத் தொடர்ந்து அவர் பதிப்பித்த நூல்களை நாடறியும்.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. குறிக்கோள் அவருக்கு வேலையில் சேர்வதற்கு முன் வரவில்லை. சேர்ந்து, தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும்பொழுது வந்தது. அது பிறர் ஒருவரின் நேர்மையான வினாவாக வந்தது. "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொண்ட நெஞ்சில்தான் அது வேர்விட்டது. ஆதலின் இருபது அகவையில் வாழ்நாள் குறிக்கோள் புலப்படவில்லையே என்று கலங்க வேண்டா. கையிலுள்ள பணியைப் பழுதின்றிச் செய்யுங்கள். நேர்மையாக வினவும் பெரியோரை நாடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

வேலையும் அறத்தொண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் சான்று. கல்லூரியில் தத்துவம் கற்பிக்கும் அரசுப் பணியில் இருந்துகொண்டே 1920-இல் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் தந்தார். ஓய்வுக்குப் பின் 1950-இல் சமயசாரம் வெளிவந்தது. குந்தகுந்தாசாரியரை உலகம் அறியச் செய்த அந்தப் பெரும்பணிக்கு அவர் வேலையைத் துறக்கவில்லை. வேலை நேரத்துக்கு அப்பாலுள்ள நேரத்தை வீணாக்காதிருந்தார்.

செய்ய வேண்டுவன

மாணவர்களுக்கு மூன்று சொல்வேன். முதலாவது, இவ்விடுமுறையில் நீங்கள் விரும்பும் தொழிலில் இருப்பவர் ஒருவரிடம் ஒரு வாரம் உடனிருந்து பாருங்கள். தொழிலின் பெயரைக் காதலிப்பது வேறு, அதன் அன்றாடத்தை அறிவது வேறு. இரண்டாவது, நாள்தோறும் மாலையில் சாமாயிகத்துக்குக் கால் மணி நேரமேனும் ஒதுக்குங்கள். பிறர் ஆரவாரம் அடங்கினால்தான் உங்கள் இயல்பு உங்களுக்குக் கேட்கும். மூன்றாவது, முதல் ஊதியம் வாங்குவதற்கு முன்பே மிகுபொருள் விரும்பாமை விரதத்தை ஏற்று, "இவ்வளவு எனக்குப் போதும், மிஞ்சியது கொடைக்கு" என்று ஓர் எல்லை கோலுங்கள். எல்லை இல்லாதவனை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்கிவிடும். போதும் என்னும் அளவை அறிந்தவனே வேண்டா என்று சொல்லவும் வல்லவன்.

பெரியோர்களே, நமக்கும் கடமை உண்டு. 2022-இல் தமிழக அரசு மாணவர்தம் திறன் வளர்க்க 'நான் முதல்வன்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. வேலைக்கு வழி காட்ட அரசு முன்வந்தது. அவ்வேலையில் அறத்தோடு நிலைக்க வழி காட்டுவது யார்? வணிகரும் தணிக்கையாளரும் மருத்துவரும் பொறியாளரும் நம்மிடையே உள்ளனர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பிள்ளையைத் தம் அருகில் அமர்த்தித் தொழில் காட்டுங்கள். நம் சமயத்துப் பிள்ளையா என்று பார்க்க வேண்டா. கும்பகோணத்துத் திண்ணையில் நம் முன்னோர் அவ்வாறு பார்க்கவில்லை.

மருங்காபுரி இளைஞரின் கதையை முடிக்கின்றேன். அவர் சொல் சுட்டபின், நானே அவரை அழைத்துக்கொண்டு தணிக்கையாளராகிய அன்பர் ஒருவரிடம் சென்றேன். அவர் தம் அலுவலகத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஆறு திங்கள் கணக்கு நுணுக்கங்களைக் கற்பித்தார். உணவுக்கும் பேருந்துக்கும் பணமும் தந்தார். இன்று அவ்விளைஞர் தம் ஊருக்கு அருகிலேயே, உழவர்கள் ஒன்றுகூடி நடத்தும் ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கராக உள்ளார். முன்னைய வேலையைவிட ஊதியம் குறைவுதான். நிலக்கடலை மூட்டையின் நிறையைக் குறித்து, உரிய தொகையை அன்றே உழவர் கையில் கொடுக்கின்றார். தங்கை ஓராண்டு தாழ்ந்து சேர்ந்து செவிலியர் படிப்பை முடித்துவிட்டாள். அவளிழந்த அந்த ஓராண்டு என் கணக்கில் உள்ளது. அதை நான் மறப்பதற்கில்லை.

சென்ற முறை வந்தபொழுது சொன்னார்: "ஐயா, இப்பொழுதும் நாள்தோறும் உழவர்களுக்குத் தொலைபேசியில் பேசுகின்றேன். பணம் வந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று."

அதே இளைஞர், அதே தொலைபேசி, அதே உழவர்கள். முன்பு அச்சம் சென்ற வழியே இன்று அபயம் செல்கின்றது. மாணவச் செல்வங்களே, உங்கள் கல்வியும் அவ்வாறே பிறர் அச்சம் நீக்கும் கருவியாகுக.

அருகன் அறம் வளர்க! அனைத்துயிரும் வாழ்க!